சீமெண்ணெய்க் கப்பலும் விளக்குக் காசும்

கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க அப்பாரு காலத்துல ஈரோட்டுல இருந்து சீமெண்ணெய் டின் மாட்டு வண்டியில வரும், கடையில வெச்சு விப்பாங்க. வெள்ளைக்காரன் காலத்துல எண்ணெய்க் கப்பல்காரங்ககிட்ட கலங்கரை விளக்கத்துக்குன்னு காசு வாங்குனதா ஒரு பழைய அறிக்கையில பார்த்தேன். அது எண்ணெய் மேல போட்ட வரிங்களா? யாரு வாங்குனா, எப்படிக் கணக்குப் போட்டாங்க? கடலையே பார்க்காத நம்ம பக்கத்துச் சனங்க தலையிலயும் அது விழுந்துதுங்களா?"

நான் வெள்ளகோயில் பக்கம். பிழைப்புக்குக் கொச்சி போய் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகவே காலத்தைத் தள்ளியவன். நான் பார்த்ததெல்லாம் சுதந்திரத்துக்குப் பின்னால்தான். ஆனால் நாங்கள் கையில் வைத்துக்கொண்டு காசு கட்டிய சட்டம் 1927ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டமேதான். அந்தக் காசுக்கு ஆபீசில் 'லைட் டியூஸ்', அதாவது விளக்குக் கட்டணம், என்று பெயர்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விழுந்தது, ஆனால் டின்னுக்கு ஒரு தம்பிடிக்கும் கீழே. எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். முதல் கேள்விக்கு: எண்ணெய் மேல் வரி இல்லை. கப்பலுக்குள் சீமெண்ணெய் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று லைட் டியூஸ் வாங்குகிறவன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் சுங்கம் வாங்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு என்று சீட்டுக் கிழிப்பார். உங்கள் மாடு நல்ல விலைக்குப் போகுமா, விற்காமல் ஊருக்கே திரும்புமா என்பது அவர் கவலை இல்லை. கோயமுத்தூரில் சுங்கம் என்று ஒரு ரவுண்டானாவே இருக்கிறது, பஸ்ஸில் அந்தப் பேரைக் கத்துகிறவர்கள் யாரும் அது ஒரு வசூலின் பேர் என்று யோசிப்பதில்லை. லைட் டியூஸும் அந்த ஜாதிதான். கப்பலின் அளவுக்குக் காசு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தையில் சீட்டு வாங்காதவனை வாசலிலேயே நிறுத்தலாம். கடலில் எரியும் விளக்கைக் காசு கட்டாத கப்பலுக்கு மட்டும் மறைக்க முடியாது. நடுக்கடலில் போய்ச் சீட்டுக் கிழிக்கவும் முடியாது. அதனால் கப்பல் துறைமுகத்துக்குள் வந்து மாட்டுகிற இடத்தில் பிடித்தார்கள். வசூலித்தவர் சுங்க இலாகா கலெக்டர். விளக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டாவிட்டால் துறைமுகத்தை விட்டுப் போக அனுமதிச் சீட்டு கிடைக்காது. அதையும் மீறி முரண்டு பிடித்தால் கப்பலையே பறிமுதல் செய்து விற்றுக் காசை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருந்தது.

இப்போது அளவு. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகப் போகிறது.

கப்பலுக்கு 'இத்தனை டன்' என்று சொல்வது எடை இல்லை, இடம். 1854இல் இங்கிலாந்தில் வந்த கப்பல் சட்டத்தில் 100 கன அடிக்கு ஒரு டன் என்று வைத்தார்கள். கப்பலின் உள்ளே மூடிய இடம் முழுவதையும் அளந்தால் மொத்த டன். அதில் எஞ்சின் அறை, ஆட்கள் தங்கும் இடம் எல்லாம் கழித்தால் நிகர டன். சம்பாதிக்கிற இடத்துக்கு மட்டும் காசு கட்டினால் போதும் என்பது நியாயம். ஆனால் எஞ்சின் அறையை எப்படிக் கழிப்பது என்பதில் ஒரு வேடிக்கையான விதி வைத்தார்கள். அடியில் காற்றாடி சுற்றுகிற நீராவிக் கப்பலில் எஞ்சின் அறை மொத்த இடத்தில் 13 சதவீதத்துக்கு மேல், 20க்குள் இருந்தால், நிஜ அளவு எதுவானாலும் 32 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். 5,000 டன் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு 650 டன்னைக் கொஞ்சம் தாண்டி இடம் விட்டால் போதும், 1,600 டன் தள்ளுபடி. கப்பல் கட்டுகிறவன் சும்மா இருப்பானா? எஞ்சின் அறையை அந்த 13ஐத் தாண்டும்படி பார்த்துப் பார்த்துக் கட்டினான். வரிக்கணக்கைப் பார்த்து வீட்டுத் திண்ணையை இழுத்துக் கட்டுகிற புத்தி எல்லா ஊரிலும் உண்டு.

எண்ணெய்க் கப்பல்காரர்களுக்கு இதில் ஒரு தனி வயிற்றெரிச்சல். சாமான் கப்பல் ஒன்று பஞ்சை இறக்கிவிட்டுத் தேயிலையை ஏற்றிக்கொண்டு திரும்பும். எண்ணெய்க் கப்பலில் எண்ணெய் தவிர வேறு எதை ஊற்றுவது? எண்ணெய் இறக்கிய பின் பெரும்பாலும் தொட்டியில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வெறும் கப்பலாகத் திரும்பிப் போக வேண்டியதுதான். வெறும் கப்பலுக்கும் அதே டன் அளவு. நாமக்கல் டேங்கர் லாரிக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வரும்போதும் டோல்கேட்டில் அதே காசுதானே என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டார். நூறு வருடம் முன்னால் எண்ணெய்க் கப்பல் முதலாளியின் புலம்பலும் அதுவேதான்.

எண்ணெய்க் கப்பல் என்ற வகையே கிழக்குப் பக்கம் வந்தது 1892இல்தான். அதற்கு முன்னால் சீமெண்ணெய் கடல் தாண்டி வந்தது தகர டின்னில். நாலு காலன் டின் இரண்டை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து அடித்து அனுப்புவார்கள். நிறைய இடத்தை டின்னும் பெட்டியுமே அடைத்துக்கொள்ளும். மார்க்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வியாபாரி 'மியூரெக்ஸ்' என்ற கப்பலைக் கட்டி, ருஷ்யாவின் பாத்தூம் துறைமுகத்திலிருந்து எண்ணெயை அப்படியே தொட்டியில் ஊற்றிக்கொண்டு சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். பின்னாளில் ஷெல் கம்பெனியாக ஆனது அந்த வியாபாரம். எண்ணெய் மலிவாக வந்து சேர்ந்தது, ஆனால் விற்கவில்லை. விசாரித்தால் சனங்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டுமாம்! எண்ணெய் தீர்ந்த டின்னில்தான் தண்ணீர் சுமந்தார்கள், தானியம் போட்டு வைத்தார்கள், வெட்டிப் பிரித்துக் கூரைக்குத் தகடாகப் போட்டார்கள். கடைசியில் கம்பெனியே துறைமுகத்தில் டின் செய்து, எண்ணெயை நிரப்பி, சாயம் பூசி விற்க வேண்டியதாயிற்று. எங்கள் அம்மாயியின் தோட்டத்துச் சாளை வீட்டில் தவிட்டுக்கு ஒன்று, பருத்திக்கொட்டை அளக்க ஒன்று, கட்டுத்தாரையில் சாணி அள்ளப் பாதியாக வெட்டிய ஒன்று என்று மூன்று டின் நான் பள்ளிக்கூடம் போகும் காலம் வரை இருந்தன. மூலையில் மடிப்பு வைத்து ஈயம் பற்றிய சதுர டின். நடுவில் குறுக்கே ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தால் அதுவே கைப்பிடி.

யார் வாங்கினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். 1927க்கு முன்னால் ஒரே கை கிடையாது. சென்னை, பம்பாய், வங்காளம் என்று ஒவ்வொரு மாகாணமும் தன் கரைக்குத் தானே விளக்கு வைத்து, தானே வசூல் செய்தது. போதாக்குறைக்குக் கடலுக்கு நடுவில் இருந்த சில விளக்குகள் இந்திய நிர்வாகத்திலேயே இல்லை. மேற்கே இருந்து இலங்கைப் பக்கம் போகும் கப்பல் லட்சத்தீவின் தெற்குக் கோடியில் மினிக்காய் தீவை ஒட்டித்தான் வரும். அங்கே 1885இல் விளக்கு ஏற்றினார்கள். பாக் நீரிணையில் ஆழம் பற்றாது, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் பெரிய கப்பல் புகுந்து வர முடியாது. ஆகவே சென்னைக்குப் போகிற கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகும். அப்படிச் சுற்றும்போது தென்கிழக்கு மூலையில் பாஸஸ் என்ற பாறைகள் தண்ணீர் மட்டத்தில் கிடக்கின்றன. அங்கே பெரிய பாறையில் 1873இலும் சின்னப் பாறையில் 1878இலும் விளக்கு வந்தது. மினிக்காய்க்கும் பாஸஸுக்கும் உரிய கட்டணம் லண்டனில் இருந்த வர்த்தக வாரியத்தின் கணக்குக்குப் போனது. மினிக்காய் விளக்கு நம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1956இல், சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்து! ரங்கூனிலிருந்து பர்மா எண்ணெய் ஏற்றி வந்த கப்பல்களுக்குப் பர்மாக் கரை விளக்குகள் வேறு. அங்கே அல்குவாடா பாறையில் 1865இலேயே கருங்கல்லில் ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார்கள்.

இந்தச் சிக்கலை ஒழுங்கு பண்ணத்தான் 1927 சட்டம். அப்போது ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாக விளக்குக் கோபுரம் கட்டிய ஸ்டீவன்சன் குடும்பத்திலிருந்து ஆலன் ஸ்டீவன்சன் என்ற பொறியாளரை வரவழைத்து, நம் கரை முழுக்கச் சுற்றிப் பார்த்து யோசனை சொல்லச் சொன்னார்கள். சட்டம் விளக்குகளை இரண்டாகப் பிரித்தது. நெடுந்தூரக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுகிற பொது விளக்குகள் மத்திய அரசிடம், துறைமுக வாசலுக்கு மட்டும் உதவுகிற உள்ளூர் விளக்குகள் அந்தந்தத் துறைமுகத்திடம். கட்டணம் நிகர டன்னுக்கு இவ்வளவு என்று. 50 டன்னுக்குக் கீழே உள்ளதற்குக் கட்டணம் கிடையாது, ஆக மீன்பிடி வள்ளமும் சின்னத் தோணியும் தப்பின. கூலிக்குச் சரக்கோ ஆளோ ஏற்றாத அரசாங்கக் கப்பலுக்கும் கிடையாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்த ஒன்று. வெள்ளைக்காரன் போட்ட வரிகளில் ஏழையைக் கண்டுபிடித்து விட்டுவிட்ட வரி ரொம்பக் குறைவு. உப்பை நினைத்துப் பாருங்கள்.

கப்பல் துறைமுகத்துக்கு வரும்போதும் கட்ட வேண்டும், புறப்படும்போதும் கட்ட வேண்டும். ஆனால் ஒரு தடவை கட்டிவிட்டால் முப்பது நாளைக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் மறுபடி கேட்க மாட்டார்கள். நம் பஸ் பாஸ் மாதிரி. வளைகுடாவுக்கும் நம் மேற்குக் கரைக்கும் நடையாக நடந்த எண்ணெய்க் கப்பலுக்கு இந்த முப்பது நாள் பெரிய சலுகை, ஒரே ரசீதில் இரண்டு நடை வந்துவிடலாம்.

அந்த முப்பது நாளில்தான் நான் ஒரு தடவை வசமாக மாட்டினேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். எண்ணெய் இறக்கி முடித்த ஒரு கப்பல், ராத்திரிக் கடல் ஏற்றத்தில் வெளியே போக வேண்டும். பம்பாயில் பணம் கட்டிய ரசீது என் கையில். ரசீதுத் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன், இருபத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. கவலையில்லை என்று பைலை மூடிவிட்டேன். சுங்க ஆபீசில் வயசான ஒரு அதிகாரி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காசு கட்டிய நாள் எதுக்கு? காசு கட்ட வேண்டிய நாள் எது?" என்று கேட்டார். கப்பல் பம்பாய்க்குள் நுழைந்தது பணம் கட்டியதற்கு இரண்டு நாள் முன்னால். முப்பது நாள் அங்கிருந்து ஓடுகிறது, அதாவது நேற்றே முடிந்துவிட்டது. கஜானா மூடியிருந்தது. ராத்திரியில் ஆளைப் பிடித்து, ஓவர்டைம் கட்டி, ரசீது போட்டு நான் படித்துறைக்கு ஓடி வருவதற்குள் ஏற்றம் இறங்கிவிட்டது. கப்பல் மறுநாள் போனது. எங்கள் மேனேஜர் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் எந்த ரசீதிலும் நான் முதலில் பார்ப்பது கப்பல் உள்ளே வந்த தேதியைத்தான்.

சரி, கோபி டின்னுக்கு வருவோம். கட்டண வீதம் அவ்வப்போது மாறும், ஆகவே கணக்குப் புரிவதற்காக நிகர டன்னுக்கு ஒரு அணா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 5,000 டன் கப்பலில் எஞ்சினுக்கு 1,600, ஆட்கள் தங்குவதற்கும் மற்றதற்கும் 200 கழித்தால் நிகரம் 3,200 டன். 3,200 அணா, அதாவது 200 ரூபாய். அந்தக் கப்பல் எடைக் கணக்கில் 7,000 டன் சீமெண்ணெய் கொண்டு வருகிறது என்று வையுங்கள். ஒரு டன் சீமெண்ணெய் சுமார் 280 காலன். மொத்தம் 19,60,000 காலன். நாலு காலன் டின்னில் ஊற்றினால் 4,90,000 டின். ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி, 200 ரூபாய்க்கு 38,400 தம்பிடி. பங்கு போட்டால் பன்னிரண்டு பதிமூன்று டின்னுக்குச் சேர்த்து ஒரு தம்பிடி. உங்கள் அப்பாரு வண்டியில் ஒரு நடைக்கு முப்பது டின் வந்திருந்தால், நம் கரையில் எரிந்த பொது விளக்கெல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வண்டியின் பங்கு மூன்று தம்பிடிக்குள். ஈரோட்டு ரயிலடியில் இறக்குகூலி அதைவிடப் பல மடங்கு. ரோட்டில் குலுங்கி ஒழுகி மண்ணில் போன எண்ணெயே அதற்கு மேல் பெறும்.

ஆனாலும் நம் பக்கம் இதில் பட்டவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வரும் வரை, வந்த பிறகும் தோட்டத்துச் சாளைகளுக்கு அது எட்டும் வரை, இந்த மண்ணில் ராத்திரி என்றால் சீமெண்ணெய்தான். அரிக்கேன் லைட்டு, சிமிழி விளக்கு, நோம்பிக்குப் பெட்ரோமாக்ஸ். பின்னால் மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஆயில் எஞ்சின் வந்து உட்கார்ந்தபோது அதற்கும் எண்ணெய். எல்லாம் கடல் தாண்டி வந்ததுதான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த விளக்குகள் எதில் எரிந்தன தெரியுமா? சென்னைக் கோட்டையில் 1796இல் வைத்த முதல் விளக்கு தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் வைத்தது சீமெண்ணெய் விளக்கு. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் விளக்குக் கோபுரங்களில் வந்த புது அடுப்பு நம் கல்யாணப் பெட்ரோமாக்ஸின் அண்ணன். எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றிச் சூடான குழாயில் ஆவியாக்கி, மேண்டில் என்ற வலையில் எரிய விடுகிற அதே வித்தை. ஸ்பிரிட்டை ஊற்றிக் குழாயைச் சூடு பண்ணி, 'புஸ்'ஸென்று சத்தம் வந்ததும் பம்ப் அடிக்க வேண்டும். மேண்டில் தொட்டால் உதிர்ந்துவிடும் சாம்பல். சீர் வரிசைக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் தூக்கியவர் எவ்வளவு பதனமாக நடப்பாரோ, கோபுரத்தில் விளக்குக்காரரும் அவ்வளவு பதனம். எண்ணெய்க் கப்பல் கட்டிய காசில் எண்ணெய் வாங்கி, அந்த எண்ணெய்க் கப்பலுக்கே வழி காட்டியிருக்கிறார்கள்.

அந்த வெளிச்சம் ஒரு நாள் எதிரிக்கும் வழி காட்டியது. 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு முன்னால் வந்து நின்றது. சண்டை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியும் உயர் நீதிமன்றத்து விளக்கு வழக்கம் போல எரிந்துகொண்டிருந்தது. கேப்டன் முல்லர் குறி வைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை. பத்து நிமிடத்துக்கு மேல் சுட்டதில் இரண்டு தொட்டி பற்றி எரிந்து, மூன்றரை லட்சம் காலன் அளவுக்குச் சீமெண்ணெய் போனது. பட்டணத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. கடலை விட்டு எட்டத்தில் இருக்கும் நாம் கூட, மகா கில்லாடியைப் பார்த்து "அவன் பெரிய எம்டனப்பா" என்று சொல்வது அன்றைக்கு வந்த பேச்சுத்தான்.

நீங்கள் பார்த்த அறிக்கை எண்ணெய்க் கப்பல்களைத் தனியாகச் சொல்லியிருந்தால் அது அநேகமாகப் பாரசீக வளைகுடாவைப் பற்றியதாக இருக்கும். அங்கே விளக்கும் மிதவையும் வைத்துப் பராமரித்த வேலையைப் பிரிட்டிஷ் இந்திய நிர்வாகம் செய்துவந்தது. ஆரம்பத்தில் பேரீச்சம்பழமும் முத்தும் ஏற்றிய கப்பல்கள்தான். 1908இல் பாரசீகத்தில் எண்ணெய் கிடைத்து, அபாதானில் சுத்திகரிப்பு ஆலை வந்து, 1932இல் பஹ்ரைனிலும் எண்ணெய் பீறிட்ட பிறகு, டன் கணக்கில் பார்த்தால் வளைகுடா முழுக்க எண்ணெய்க் கப்பல்தான். ஆக விளக்குச் செலவில் பெரும் பங்கு அவர்கள் தலையில். யார் எவ்வளவு கட்டுவது என்று கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 1950இல் அந்த வேலையைத் தனியாக ஒரு அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். பெயர் மாறி இன்றைக்கும் அது பஹ்ரைனை மையமாக வைத்து, வளைகுடாவுக்குள் வரும் கப்பல்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் 1927 சட்டம் 2021இல்தான் விலகியது. அதன் இடத்தில் வந்த புதுச் சட்டத்திலும் கட்டணம் உண்டு, பெயர்தான் வேறு. திருப்பூரிலிருந்து பனியன் பெட்டி ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறவர்கள் கப்பல் வாடகைக்குள்ளேயே அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாருவின் கடைக் கணக்கு நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் கிரயம், ரயில் கூலி, வண்டிச் சத்தம், ஒழுகல் என்று இருக்கும். லைட் டியூஸ் என்று ஒரு வரி இருக்காது, அது கிரயத்துக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும். டின் ஏதாவது மிச்சம் இருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.